யார் காலுக்கு இந்தச் சூடு

பெட்ரோல் பங்க் காபிக் கடையில், கோப்பைக்குள் சர்க்கரைக் கட்டி முழுதாகக் கரைகிற வரை காத்திருந்துவிட்டுத்தான் ஹெய்மோ அதைச் சொன்னார்.

"உன் வீட்டுக்காரி வண்டி போன செவ்வாய்க்கிழமை ரௌனோ பட்டறையில நின்னுச்சே. ரெண்டு மணி நேரம்."

ஹெய்மோ ஓய்வுபெற்ற தபால்காரர். வேலைதான் போயிற்று, பட்டுவாடா நிற்கவில்லை. எந்தச் சேதியை எந்த வீட்டில் போட்டால் நன்றாகப் பற்றும் என்பது அவருக்கு அத்துப்படி.

"தெரியும்," என்றான் இல்போ. அவனுக்குத் தெரியாது.

"தெரிஞ்சா சரி. வைத்தியன் பொண்டாட்டி அடுத்த தெரு வைத்தியன்கிட்ட நாடி பாக்கப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். எனக்கென்ன வந்துது."

வடக்கே பனி மூடிய சின்ன ஊரான குஹ்மோவில் வண்டி ரிப்பேருக்கு இரண்டே இடம்தான். ஏரிக்கரை ரோட்டில் இல்போவின் பட்டறை, மரவாடிக்கு எதிரே ரௌனோவின் பட்டறை. ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி இங்கும் மறு பாதி அங்கும் போகும். அதில் இல்போவுக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் தன் பாதியில் தன் பெண்டாட்டியாவது இருப்பாள் என்று நம்பியிருந்தான். காபி பாதியில் நின்றது. ஏலக்காய் பன்னைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்து, சாப்பிடாமல் வேனின் முன்பலகை மேல் வைத்தான். பட்டறை போய்ச் சேர்வதற்குள் அது கல்லாகிவிட்டது. வெளியே மைனஸ் இருபத்திநான்கு டிகிரி.

அவன் மனைவி துய்யா வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். ஒரு நாளைக்கு நூற்றுமுப்பது கிலோமீட்டர், காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும். அவளுடைய பழைய வண்டி போன இலையுதிர் காலத்தில் உயிரை விட்டபோது, இல்போதான் அலைந்து தேடி இந்தச் சாம்பல் நிற வண்டியைப் பிடித்துக் கொடுத்தான். ஜனவரியில் இது சண்டித்தனத்தை ஆரம்பித்தது. காலையில் கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் மஞ்சள் விளக்கு எரியும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நொண்டும், முப்பதுக்கு மேல் போகாது. மத்தியானம் இல்போவின் பட்டறைக்கு வந்தால் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும்.

ஸ்கேனர் மாட்டினான். கோளாறு எண் வந்தது. ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், இரண்டு சமிக்ஞையும் ஒத்துப்போகவில்லை என்றது. இந்தக் காலத்துப் பெடலுக்குள் ஒன்றுக்கு இரண்டு சென்சார் உண்டு. ஒன்று சொல்லும் வோல்டேஜில் சரிபாதியை மற்றது சொல்ல வேண்டும். ஒரு சாட்சி போதாதென்று இரண்டு சாட்சி. சாட்சிகள் மாற்றிப் பேசினால் கம்ப்யூட்டர் இருவரையும் நம்பாமல், வண்டியை ஊர்ந்து வீடு போய்ச் சேர் என்று விட்டுவிடும்.

இல்போ புதுப் பெடலே வரவழைத்து மாட்டினான். போல்ட்டை முறுக்கி, அதன் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான். அது அவன் பழக்கம். அவன் கழற்றி மாட்டிய போல்ட்டை வேறு கை தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். காபிக் கடையில் நாலு பேர் கேட்க, "சென்சார்தான். மாத்திட்டேன். இனி அந்த வண்டி எனக்கப்புறமும் ஓடும்," என்றும் சொல்லி வைத்தான்.

நாலாம் நாள் வண்டி மறுபடி நொண்டியது. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. துய்யா இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. சரியாகிவிட்டது போல என்று அவன் நினைத்துக்கொண்டான். இப்போதல்லவா தெரிகிறது, எங்கே போய்ச் சரியாயிற்று என்று.

வேறு யாரிடம் போயிருந்தாலும் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. ரௌனோ என்றால் அது பழைய கணக்கு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஏரிக்கரை நடன மேடையில் ஒரு கோடை இரவு. அந்த மேடையில் ஒரு முறை உண்டு. பெண்ணைக் கூப்பிட்டால் இரண்டு பாட்டு ஆடலாம், பிறகு அவள் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட்டு நன்றி சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். இரண்டுக்கு மேல் ஆடினால் அதற்கு அர்த்தமே வேறு. ரௌனோ துய்யாவோடு நான்கு பாட்டு ஆடினான். இல்போ தூண் ஓரம் காபிக் கோப்பையோடு நின்று ஒவ்வொரு பாட்டாக எண்ணினான். அடுத்த வருஷம் துய்யா இல்போவைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த மூன்றாவது பாட்டும் நான்காவது பாட்டும் அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டன.

அன்று மாலை அவளே சொல்வாள் என்று காத்திருந்தான். துய்யா சூப்பை ஊற்றினாள், ஒரு பெரியவருக்குச் சர்க்கரை ஏறியதைப் பற்றிச் சொன்னாள், வரும் நாட்களின் ஷிப்ட் நேரங்களைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"வண்டி எப்படி ஓடுது?" என்றான் இல்போ.

"நல்லா ஓடுது."

"எத்தனை நாளா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பத்து நாள் இருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொல்லமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் சூப்பைக் குடித்து முடித்தார்கள். அப்புறம் அவன் எழுந்து, வழக்கம்போல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாசலில் இருக்கும் கரண்ட் கம்பத்தில் இருந்து வயரை இழுத்து அவள் வண்டியின் முகப்பில் இருக்கும் ப்ளக்கில் சொருகினான். அவள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எஞ்சினும், வண்டிக்குள் வைத்திருக்கும் சின்னக் கரண்ட் ஹீட்டரும் சூடாகும்படி டைமரைத் திருப்பினான். கல்யாணமான நாளிலிருந்து குளிர்காலத்தில் ஒரு நாள்கூட இது தப்பியதில்லை. இன்று மட்டும் ப்ளக்கைச் சொருகின கையில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் துய்யா தோழிகளோடு அவர்கள் வண்டியில் ஏரிக்குப் போனாள், பனிக்கட்டியில் வெட்டின குழிக்குள் முங்கி எழ. அவள் தலை மறைந்ததும் இல்போ சாம்பல் வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றினான். ரௌனோ என்ன செய்திருக்கிறான் என்று பார்த்தே தீர வேண்டும்.

ஸ்கேனரை மாட்டி, பெடலைக் கையாலேயே அமுக்கினான். முதல் சென்சார் ஒன்று புள்ளி ஆறு என்றால் இரண்டாவது புள்ளி எட்டு. மூன்று என்றால் ஒன்றரை. சாட்சிகள் ஒரே குரலில் பேசின. சரி, வேறு பெடல் மாட்டியிருக்கிறான் என்று நினைத்து, டார்ச்சோடு தலைகீழாகப் படுத்துப் பார்த்தான்.

மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. தலைமயிர் அளவுகூட விலகவில்லை.

இல்போ படுத்தபடியே கணக்குப் போட்டான். ரௌனோ போல்ட்டைத் தொடவில்லை. பெடலை மாற்றவில்லை. அந்த வண்டியில் ஒரு பொருளையும் மாற்றவில்லை. அப்படியானால் இரண்டு மணி நேரம் அங்கே என்ன நடந்தது? வேலை செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு வேலையும் நடக்கவில்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்தபோதுதான் அதைக் கண்டான். ஓட்டுகிறவரின் கால் பக்கம் அவன் கையால் வைத்த ஹீட்டர் அங்கே இல்லை. பக்கத்து சீட்டின் கீழே, அந்த சீட்டில் உட்காருகிறவரின் காலைப் பார்த்துத் திரும்பி நின்றது.

துய்யாவின் கால்விரல்கள் குளிர்பட்டால் மெழுகு மாதிரி வெளுத்துவிடும், ரத்தம் ஓடாது. அதற்காகவே ஒவ்வொரு வண்டியிலும் ஹீட்டரை அவள் பக்கம் வைத்தவன் இல்போ. அதை இப்போது யார் இந்தப் பக்கம் மாற்றினது? யார் காலுக்கு இந்தச் சூடு? அந்த சீட்டில் காலை நீட்டிக்கொண்டு யார் வருகிறான்?

ஊரில் முக்கால்வாசி வண்டிகளில் ஹீட்டர் அந்தப் பக்கம்தான் இருக்கும். இல்போவுக்கும் அது தெரியும். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோய், இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அவன் ஹீட்டரைத் தூக்கிப் பழைய இடத்திலேயே, பெடலைப் பார்த்த மாதிரி வைத்தான். அது போதாதென்று இரண்டு கேபிள் டை போட்டு, இனி எவனாலும் அசைக்க முடியாதபடி இறுக்கிக் கட்டினான். டையின் மிச்ச வாலை நறுக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

ஞாயிறு துய்யாவுக்கு விடுமுறை, வண்டி அசையவில்லை. திங்கட்கிழமை விடியும்போது மைனஸ் இருபத்தேழு டிகிரி. ஆறரைக்குத் துய்யா கிளம்பினாள். வண்டிக் கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் உள்ளே குனிந்தபடி நின்றதைச் சமையலறை ஜன்னலில் இருந்து இல்போ பார்த்தான். பிறகு அவள் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பார்த்துவிட்டாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. குற்றம் இல்லாதவள் கேட்டிருக்கமாட்டாளா?

ஏழு மணிக்கு அவன் ரௌனோவின் பட்டறைக்குள் நுழைந்தான். இருபது வருஷமாக அந்தக் கதவை அவன் தொட்டதில்லை.

ரௌனோ அடுப்பருகே நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, முதுகு லேசாகக் கூனிவிட்டது. பெண்டாட்டி பிரிந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. இல்போவின் கண் அவனைத் தாண்டி மேஜைக்குப் போயிற்று. அங்கே ஒரு நீல டப்பா. மூடியில் வெள்ளை டேப், அதில் துய்யாவின் கையெழுத்தில் அவள் பெயர். பக்கத்துத் தட்டில் ஒரே ஒரு பீராக்கா மிச்சம் இருந்தது. ரை தானிய மாவை மெல்லிசாகத் தேய்த்து, அரிசிக் கஞ்சியை வைத்து, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளிச் சுட்டது. அந்தக் கிள்ளல் யாருடையது என்று இல்போ கண்ணை மூடிக்கொண்டே சொல்வான்.

"ஓ," என்றான் இல்போ. "பலகாரம் வரைக்கும் போயாச்சா."

"உக்காருய்யா. காபி இருக்கு."

"காபி குடிக்க வரல. ரெண்டு மணி நேரம் என் பொண்டாட்டி வண்டியில என்ன பண்ணின?"

"கோளாறு பாத்தேன்."

"எதைப் பாத்த? என் போல்ட்டுல கோடு அப்படியே இருக்கு. ஒரு ஸ்குரூ தொடல நீ. அந்தப் பக்கத்து சீட்டுல யாருடா உக்காந்து வர்றான்? யார் காலுக்குச் சூடு காட்டிட்டுப் போறா அவ?"

ரௌனோ கோப்பையை வைத்தான். சிரித்துவிடுவானோ என்று இல்போ முஷ்டியை மடக்கினான். ரௌனோ சிரிக்கவில்லை.

"அவ யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. முக்கியமா உன்கிட்ட."

"கேட்டாலே தெரியுது."

"வாயை மூடிட்டுக் கேளு. உன் பட்டறை சூடான பட்டறை. வண்டி உள்ள வந்ததும் எல்லாம் காஞ்சு போயிடும், கோளாறு எங்க தெரியும்? நான் வெளியில பனியிலயே நிறுத்தினேன். அவ தினம் பூட்ஸ்ல பனியோட ஏறுறா இல்லையா, அந்த மாதிரி மிதியடி மேல ஒரு சட்டி பனியை அள்ளிப் போட்டேன். ஹீட்டரைப் போட்டு ஒன்றரை மணி நேரம் விட்டேன். கதவத் திறந்தா சௌனா குளியல் ரூம் மாதிரி ஆவி. அவ்வளவும் நேரா மேல ஏறி, பெடல் சென்சாருக்குப் போற வயரை மாட்டுற கப்ளருக்குள்ள போய் உக்காருது. வண்டி கிளம்பினதும் அது குளுந்து தண்ணியாயிடுது. ரெண்டு சமிக்ஞையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து உளறுது. அஞ்சாவது கிலோமீட்டர்ல விளக்கு எரிஞ்சுது. கப்ளரைத் துடைச்சு கிரீஸ் வச்சேன், ஹீட்டரை அந்தப் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் வேலை. காசு வாங்கல. அதுக்குத்தான் பீராக்கா."

இல்போவுக்கு இப்போது புரிந்தது. பழைய வண்டியில் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஓடினது வெறும் இரும்புக் கம்பி. எத்தனை ஆவி அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. புது வண்டியில் அதே இடத்தில் ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்தது அவன் கைதான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊர் வண்டியின் நோயெல்லாம் கண்டுபிடித்தவன் சொந்தக் கையின் நோயைக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏன் சொல்லக்கூடாதுன்னா?" என்றான் கடைசியில்.

"அதை அவகிட்ட கேளு." ரௌனோ அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளினான். "உனக்கு இன்னொண்ணு சொல்றேன். அந்த நாலு பாட்டை நீ இன்னும் சுமந்துட்டுத் திரியறன்னு ஊருக்கே தெரியும். நாலு பாட்டும் அவ தூண் பக்கமே பாத்துட்டு இருந்தா. என் காலை ரெண்டு தரம் மிதிச்சா. எப்ப வந்து கேப்பான் இந்த மடையன்னு நான்தான் ஆடி ஆடி நேரம் ஓட்டினேன். இந்த ஜென்மத்துல எனக்கு யாரும் வண்டி சூடு பண்ணி வச்சதில்ல. நானும் யாருக்கும் வச்சதில்ல. உன் ஹீட்டரைத் தூக்கித் திருப்பினப்போ எனக்கு எவ்வளவு எரிஞ்சுதுன்னு உனக்குத் தெரியாது."

பிறகு அவன் முகம் மாறியது. "இப்ப ஹீட்டர் எந்தப் பக்கம் இருக்கு?"

இல்போவின் பாக்கெட்டில் போன் அடித்தது.

"வண்டி நொண்டுது," என்றாள் துய்யா. குரலில் பதற்றம் இல்லை, அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. "ஊர் தாண்டினதுலேர்ந்து ஊர்ந்துட்டேதான் வந்தேன், பள்ளத்துலேர்ந்து ஏறும்போது நின்னுபோற மாதிரி ஆயிடுச்சு. பின்னால மரம் ஏத்தின லாரி. கொஞ்சத்துல தப்பிச்சேன். பஸ் நிறுத்தத்துல ஒதுக்கி நிக்கறேன்."

"அசையாம இரு. வர்றேன்."

ரௌனோ கப்ளர் துடைக்கிற ஸ்பிரேயை அவன் கையில் திணித்தான். நீல டப்பாவையும் கொடுத்தான். மிச்சமிருந்த அந்த ஒரு பீராக்காவை மட்டும் கொடுக்கவில்லை.

பதினேழு கிலோமீட்டரை இல்போ எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. அந்த ஏற்றம் அவனுக்குப் பழக்கமான ஏற்றம். மரலாரி அறுபது டன். பனி இறுகின ரோட்டில் அது நினைத்த இடத்தில் நிற்காது. எவன் மேலோ இருந்த ஆத்திரத்தில் அவள் காலடியிலேயே வலையைக் கட்டி அனுப்பியிருக்கிறான். முன்பலகை மேல் வெள்ளிக்கிழமைப் பன் வளைவுக்கு வளைவு உருண்டது.

சாம்பல் வண்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றது. துய்யா ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெர்மாஸ் மூடியில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. அவன் நீல டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"அங்க போயிட்டியா."

"போனேன்."

"அடிச்சியா அவனை?"

"இல்ல."

"அது போதும்."

அவன் ரோட்டில் மண்டியிட்டு, ஈரமான மிதியடி மேல் தலையைக் கொடுத்து, கப்ளரைக் கழற்றித் துடைத்தான். உள்ளே மூன்று சொட்டுத் தண்ணீர். மூன்றே மூன்று சொட்டு. ஸ்பிரே அடித்து ஊதி மறுபடி மாட்டினான்.

"காலையில பாத்தல்ல நீ," என்றான் தலையை வெளியே எடுக்காமலே. "கட்டியிருக்குன்னு பாத்தே. ஏன் வெட்டல? உன் பையில கத்திரி இருக்கே."

"கத்திரியை எடுத்தேன். நீ கட்டினதை வெட்ட மனசு வரல."

"லாரிக்காரன் மட்டும்..."

"தெரியும். என் மடத்தனம்தான்."

"அவன்கிட்ட போனதையாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

துய்யா மூடியில் மிச்சமிருந்த காபியைப் பனியில் கொட்டினாள்.

"கடிக்கமாட்ட. மூணு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ. என் ஹீட்டர்தான் தப்புன்னா நீயே மாட்டிக்கோன்னு ஒரு நாள் சொல்லுவ. அப்புறம் ராத்திரி ப்ளக் சொருக வரவே மாட்ட. உன்னைத் தெரியாதா எனக்கு?" கொஞ்சம் நிறுத்தினாள். "வண்டி சூடாறது பெரிசில்ல இல்போ. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் நீ அந்த வயரை இழுத்துட்டுப் போவ பாரு, பாத்திரம் கழுவிட்டே ஜன்னல்ல பாப்பேன். இத்தனை வருஷத்துல நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் ஒரு பெடலுக்காக விட்டுடச் சொல்றியா?"

அவன் கையை நீட்டினான். அவள் பைக்குள்ளிருந்து கத்திரியை எடுத்துக் கொடுத்தாள். கட்டுத்துணி வெட்டுகிற கத்திரி, கேபிள் டைக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒன்றை வெட்டினான். இரண்டாவதையும் வெட்டினான். ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டின் கீழே, ரௌனோ வைத்த அதே இடத்தில் வைத்தான். நல்ல இடம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

துய்யா சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. மெதுவாக மிதித்தாள், எஞ்சின் கேட்டபடி உறுமியது. ஊசி போட வேண்டிய பெரியவர் ஒருத்தர் அரை மணி நேரமாகக் காத்திருக்கிறார். அவள் சீட் பெல்ட்டை இழுத்தாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்போ கத்திரியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட்?" என்றான்.

"ஆறரை," என்றாள் துய்யா. "சீட்டுல எழுதி ஒட்டியிருக்கேன்."

"பாத்தேன்," என்றான் இல்போ. "உன் வாயால கேக்கணும்னு தோணுச்சு."